வேர்ச் சிகிச்சையில் பாக்டீரியாக் கசிவு: ஆய்வகக் குப்பியை எவ்வளவு நம்பலாம்?

ரூட் கெனால் முடித்து, மேலே தற்காலிகச் சிமென்ட் வைத்து, “பத்து நாளில் வந்து கேப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிய நோயாளி இரண்டு மாதம் கழித்து வருகிறார். சிமென்ட் எப்போதோ விழுந்துவிட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை. பல்லின் நடுவே குழி. அதன் அடியில் இளஞ்சிவப்பாகக் கட்டா பெர்ச்சா தெரிகிறது, மேலே உணவுத் துணுக்கு அப்பியிருக்கிறது. “உள்ளே கிருமி இறங்கியிருக்குமா டாக்டர்? மறுபடி முதலிலிருந்து செய்யணுமா?” என்று கேட்கிறார்.

நாடெங்கும் பல் மருத்துவமனைகளில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு விடை தேடி ஆய்வகங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கின்றன. பிடுங்கிய பற்களை அடைத்து, மேலே பாக்டீரியாவை ஊற்றி, அது எத்தனை நாளில் வேரின் நுனியைத் தாண்டுகிறது என்று எண்ணிய ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து பிறந்த சில எண்களை மருத்துவர்கள் இன்றும் நோயாளியிடம் சொல்கிறார்கள். அந்த எண்களில் பல, பல்லைவிடப் பல்லைப் பொருத்திய கருவியைப் பற்றியே பேசுகின்றன என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே எடுத்துவைக்கிறேன்.

பாக்டீரியாவின் மீது இவ்வளவு கவனம் வந்ததற்கு 1965இல் வெளியான ஓர் எலிச் சோதனை பெரிய காரணம். காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் இரண்டு வகை எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ்க்கட்டி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, குழியில் உணவு சேர்ந்தபோதும் கூழ் உயிரோடிருந்தது. துளையின் மேல் புதிய பல்திசு பாலம்போல் வளர்ந்தது. காயம் ஒன்று, உணவு ஒன்று; வேறுபாடு கிருமி மட்டும்தான். வேர்நுனி நோய்க்குப் பாக்டீரியா கட்டாயம் வேண்டும் என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அப்படியானால் சிகிச்சையின் தர்க்கம் எளிது. வேர்க்குழாயைச் சுத்தம் செய், கிருமியைக் கொல், மறுபடி நுழையாதபடி அடை. அடைப்பதற்குக் கட்டா பெர்ச்சா. மலாய்த் தீவுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. நம் ஊர் இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் அந்த மரம் உறவு, ஒரே தாவரக் குடும்பம். இன்று கிளினிக்கில் இருக்கும் கட்டா பெர்ச்சா குச்சியில் உண்மையான மரப்பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு. இந்தக் குச்சி பல்லின் சுவரோடு தானாக ஒட்டாது. இடைவெளியை நிரப்ப சீலர் என்ற பசை வேண்டும். குச்சிக்கும் சீலருக்கும் நடுவே, சீலருக்கும் சுவருக்கும் நடுவே என்று கசிவுக்கு இரண்டு பாதைகள் உண்டு. முழு ஆராய்ச்சியும் இந்த மயிரிழை இடுக்குகளைச் சுற்றியே நடந்தது.

முதலில் கதிரியக்கப் பொருளைக் கொண்டு அளந்தார்கள். டவ், இங்கிள் இருவரின் ஐசோடோப்புச் சோதனை 1955இல் வந்தது. அப்போதைய கவலை, அடைப்பு சரியில்லாத வேர்நுனி வழியாகத் திசுநீர் உள்ளே ஊறிச் சீர்கெடுவது பற்றியது. வாயிலிருந்து கீழ்நோக்கி எது இறங்கும் என்ற கேள்வி பின்னால்தான் வலுத்தது. சாயச் சோதனை மலிவானது என்பதால் எல்லா இடத்திலும் பரவிற்று. அடைத்த பல்லை மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்து, நெடுக்காகப் பிளந்து, நீலம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். 1987இல் ஸ்வான்சன், மேடிசன் இருவரும் மேல் அடைப்பு இல்லாத பற்களைச் செயற்கை உமிழ்நீரில் வைத்தபோது, வெறும் மூன்று நாளிலேயே சாயம் வேரின் நீளத்தில் 79 முதல் 85 சதவீதம் வரை இறங்கியது. படித்த மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள்.

ஆனால் மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறு எடை சுமார் 320. பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலமுள்ள உயிருள்ள செல். நீலம் நுழைந்த இடத்தில் செல் நுழைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. இன்னொரு கோளாறும் இருந்தது. இடுக்கில் காற்று சிக்கியிருந்தால் சாயம் ஏறாது; வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுச் செய்தால் அதே பற்களில் ஏறுகிறது. 1989இல் ஸ்பாங்பெர்க் குழுவும், தனியே கோல்ட்மன் குழுவும் இதைச் சுட்டிக்காட்டின. ஆக, “கசியவில்லை” என்று சான்றிதழ் பெற்ற பல அடைப்புகள் ஒரு காற்றுக்குமிழியின் தயவில் தேறியவை.

சாயத்தை விட்டுவிட்டு நேராகப் பாக்டீரியாவையே விடலாமே என்ற எண்ணம் இயல்பாக வந்தது. இரண்டு அறைகள் கொண்ட அமைப்பு 1980 வாக்கில் உருவானது. இதை நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது என் கையாலேயே செய்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒற்றை வேருள்ள பிடுங்கிய பல்லை எடுத்து, மேற்பகுதியை வெட்டிவிட்டு, எல்லா வேர்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஃபைல் கொண்டு குழாயை வடிவமைத்து, ஹைப்போகுளோரைட்டால் கழுவி, பேப்பர் பாயின்ட் விட்டு உலர்த்தி, சீலரும் கட்டா பெர்ச்சாவும் வைத்து அடைக்க வேண்டும். சீலர் இறுக ஒரு வாரம் 37 டிகிரியில் ஈரத்தோடு வைக்கிறோம். பிறகு வேரின் வெளிப்புறம் முழுக்க, நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, இரண்டு பூச்சு நெயில் பாலிஷ். எப்பென்டார்ஃப் குழாயின் அடியை வெட்டி, அந்த ஓட்டையில் வேரைச் செருகி, சேருமிடத்தில் சயனோஅக்ரிலேட் பசையும் அதன்மேல் உருக்கிய ஒட்டு மெழுகும். வேரின் நுனி கீழே கண்ணாடிக் குப்பியில் கிருமி நீக்கிய ஊட்டத் திரவத்தில் மூழ்கியிருக்கும். மேலே குழாய்க்குள் பாக்டீரியா. சில நாளுக்கு ஒருமுறை மேல் திரவத்தை மாற்றிப் புதிதாக ஊற்ற வேண்டும். கீழ்க்குப்பி தெளிவாக இருந்தால் அடைப்பு தாக்குப்பிடிக்கிறது. கலங்கினால் கிருமி இறங்கிவிட்டது. கலங்கிய நாளைக் குறித்துக்கொள்கிறோம். முப்பது நாள், அறுபது நாள், சில ஆய்வுகளில் தொண்ணூறு நாள் இப்படிப் போகும்.

காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் முதலில் கண் போவது குப்பிகளின் அடிக்குத்தான். தெளிந்த தேநீர் நிறத்தில் இருந்த திரவம் ஒரே இரவில் பழையசோற்று நீராட்டம் மங்கிப்போயிருக்கும். என் குப்பிகளில் ஒன்று இரண்டாம் நாளே கலங்கியது. அதே கையால், அதே சீலரால், அதே நாளில் அடைத்த பல் அது. வழிகாட்டியும் நானும் அடைப்பில் குறை என்று எழுதிக்கொண்டோம். மெழுகுச் சேர்மானத்தின் மீது அன்று ஐயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சோதனையைக் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் டோராபினெஜாட் குழு செய்து 1990இல் வெளியிட்டது. 45 வேர்க்குழாய்கள், மேல் அடைப்பு கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியாவை வைத்தபோது 19 நாளில் பாதிக்கும் மேற்பட்ட வேர்கள் முழுவதும் ஊடுருவப்பட்டன. புரோட்டியஸ் வல்காரிஸ் அதே பாதி அளவை எட்ட 42 நாள் பிடித்தது. இதில் யாரும் அதிகம் நின்று பார்க்காத ஒரு விஷயம் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் தானாக நகராத உருண்டை. புரோட்டியஸ் கசையிழைகளால் நீந்திப் பரவக்கூடியது. நீந்தத் தெரிந்தது பின்தங்கி, நகரத் தெரியாதது முந்தியிருக்கிறது. பாக்டீரியா தன் பலத்தால் இறங்குவதைவிட, திரவம் எந்த வழியாக இழுத்துச் செல்கிறது, எங்கே பெருகி இடத்தை நிரப்புகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறதோ என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

1993இல் காயத், லீ, டோராபினெஜாட் மூவரும் தனிப் பாக்டீரியாவுக்குப் பதிலாக மனித உமிழ்நீரையே ஊற்றினார்கள். 30 நாளுக்குள் எல்லா வேர்களும் மாசுபட்டன. 1991இல் மகுரா குழு, அடைப்பு மூன்று மாதம் உமிழ்நீரில் திறந்து கிடந்தால் மறுசிகிச்சை செய்வது நல்லது என்ற கருத்தை முன்வைத்தது. “ஒரு மாதம்”, “மூன்று மாதம்” என்று நாம் கிளினிக்கில் சொல்லும் எல்லைகள் பெரும்பாலும் இந்தக் குப்பிகளிலிருந்து வந்தவை. உயிருள்ள வாயில் யாரும் நாள் எண்ணி வகுத்தவை அல்ல.

மேல் அடைப்பு முக்கியம் என்ற கருத்துக்கு நோயாளிகளிடமிருந்தும் ஆதரவு வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 1995இல் எழுதினார்கள். வேர் அடைப்பும் மேல் கட்டுமானமும் நன்றாக இருந்த பற்களில் 91.4 சதவீதத்தில் வேர்நுனி நலமாக இருந்தது. இரண்டும் மோசமானால் 18.1 சதவீதம் மட்டுமே. வேர் அடைப்பு மோசமாகவும் மேல் கட்டுமானம் நன்றாகவும் இருந்தவை 67.6, மாறாக இருந்தவை 44.1. கேப்தான் பல்லைக் காப்பாற்றுகிறது என்ற வாசகம் இதிலிருந்து கிளம்பி மாநாட்டுக்கு மாநாடு பயணம் செய்தது. ஐந்தாண்டு கழித்து நார்வேயில் ட்ரொன்ஸ்டாட் குழு 1001 பற்களைப் பார்த்தபோது முறை தலைகீழானது. வேர் அடைப்பு நன்றாக இருந்தால் மேல் கட்டுமானம் எப்படியிருந்தாலும் 71 சதவீதத்துக்குக் குறையவில்லை. வேர் அடைப்பு மோசமானால் நல்ல மேல் கட்டுமானமும் கைகொடுக்கவில்லை. பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்தவர்கள் இரண்டும் வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மேல் அடைப்பின் ஓரம் கசிகிறதா என்பதை எக்ஸ்ரே காட்டாது. எனவே இரண்டு ஆய்வுகளிலும் “நன்று”, “மோசம்” என்ற பிரிப்பே தடுமாற்றமுள்ளது.

குப்பிச் சோதனையை உண்மையில் ஆட்டம் காண வைத்தவை ரிக்குச்சி, பெர்கென்ஹோல்ட்ஸ் இருவரின் நுண்ணோக்கித் தகடுகள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், சொத்தையாலோ உடைந்தோ மேல் அடைப்பு போய், குறைந்தது மூன்று மாதம், சில பற்களில் பல ஆண்டுகள் வாய்க்குள் திறந்து கிடந்த பற்களைப் பிடுங்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி, பாக்டீரியாவுக்குச் சாயமேற்றிப் பார்த்தார்கள். 32 பற்கள், 39 வேர்கள். குப்பிக் கணக்குப்படி அத்தனையும் நுனிவரை நிறைந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவற்றில் பாக்டீரியா வாய்ப்பக்க முனையருகே நின்றிருந்தது. நன்றாகச் சுத்தம் செய்து நன்றாக அடைத்த வேர், நீண்ட காலம் திறந்து கிடந்தும் ஊடுருவலைத் தாங்கியிருந்தது. இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் ஆய்வு இது. குப்பியில் முப்பது நாளில் விழுந்த கோட்டை, வாயில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது என்றால், குப்பி எதை அளந்துகொண்டிருந்தது?

அதற்கு ஒரு பதில் ஸூரிச்சிலிருந்து வந்தது. ரெக்கென்பெர்க், ட்சேண்டர் இருவரும் சகாக்களோடு 2011இல் அதுவரை வெளியான பாக்டீரியாக் கசிவுக் கட்டுரைகளைத் திரட்டிப் படித்தார்கள். கூடவே தாங்களே சோதனையும் செய்தார்கள். அவர்கள் கை வைத்தது மேல் குழாயும் வேரும் சேரும் இடத்தில், அதாவது அந்த மெழுகில். அங்கே வழக்கமாகப் பயன்படும் ஒட்டுப் பொருட்களைக் கடந்து பாக்டீரியா அந்தச் சேர்மானம் வழியாகவே கீழே போக முடியும் என்று காட்டினார்கள். வேர்க்குழாய்க்குள் நுழையாமலேயே குப்பி கலங்கும்.

ஒப்புநோக்கு மாதிரி இதைப் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். கலங்கக்கூடாத மாதிரியாக வைக்கும் வேரை நுனி உட்பட முழுவதும் நெயில் பாலிஷால் மூடுவது வழக்கம். பல சமயம் சேர்மானமும் அந்தப் பூச்சுக்குள் போய்விடும். சோதனைக்குரிய வேரில் அந்தக் கூடுதல் காப்பு இல்லை. ஆகவே ஒப்புநோக்கு மாதிரி எப்போதும் தெளிவாக நிற்கும், சோதனை வேர்கள் மட்டும் கலங்கும், நாம் பழியைச் சீலர் மேல் போடுவோம். குழாயே திறக்கப்படாத முழு வேரை, சோதனை வேர்களைப் போலவே அதே மெழுகால் பொருத்தி வைத்தால்தான் மெழுகின் குற்றம் வெளிப்படும். அப்படி வைத்தவர்கள் மிகக் குறைவு. நானும் வைக்கவில்லை.

இன்னொரு குறை கணக்கில் இருக்கிறது. ஆய்வகங்களுக்குப் பிடித்தமான என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், சத்தான திரவத்தில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு செல் கீழே விழுந்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் இருபத்துநான்கு முறை இரட்டித்து ஒன்றரைக் கோடியைத் தாண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அளவில் திரவம் கண்ணுக்கு மங்கத் தொடங்கும். ஆகவே ஒரு செல் இறங்கினாலும், ஒரு லட்சம் இறங்கினாலும் மறுநாள் குப்பி ஒன்றுபோலவே கலங்கியிருக்கும். எவ்வளவு கசிந்தது என்று சொல்ல வழியே இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டே விடை. அதை ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து பற்கள் வைத்து ஒப்பிட்டு, ஒரு சீலர் இன்னொன்றைவிட மேலானது என்று அறிவிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வாயிலோ அந்த ஒற்றைச் செல்லைச் சந்திப்பது சத்துத் திரவம் அல்ல, வேர்நுனியைச் சூழ்ந்த எலும்பும் வெள்ளணுக்களும்.

சோதனைகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதும் தெரிந்தது. 1999இல் பார்தெல் குழு அதே பற்களில் பாக்டீரியாக் கசிவையும் சாயக் கசிவையும் ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 2001இல் பொம்மெல் குழு மூன்று முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதும் அப்படியே. அதே ஆண்டு ஆலிவர், அபட் இருவரும் உண்மையான நோயாளிகளிடம் சிகிச்சை பெற்றுப் பின்னர் பிடுங்கப்பட்ட பற்களில் சாயம் விட்டார்கள். ஆறிய பல், ஆறாத பல் என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாயம் ஏறியது. சிகிச்சை வென்றதா தோற்றதா என்பதைச் சாயத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட சோதனையை நம்பிப் பொருள் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ரெசிலான் சாட்சி. கட்டா பெர்ச்சாவுக்கு மாற்றாக வந்த செயற்கைப் பாலிமர் அது. பல்சுவர், சீலர், நடுக்குச்சி மூன்றும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும் என்று சொல்லப்பட்டது. 2004இல் ஷிப்பர் குழு வெளியிட்ட குப்பிச் சோதனையில் கட்டா பெர்ச்சாவைவிட அது மிகக் குறைவாகக் கசிந்தது. அடுத்து நாய்களின் பற்களில் மேலிருந்து பாக்டீரியாவை வைத்துப் பார்த்ததில், கட்டா பெர்ச்சா வேர்களில் 82 சதவீதத்திலும் ரெசிலான் வேர்களில் 19 சதவீதத்திலும் லேசான அழற்சி. ஆய்வகமும் விலங்கும் ஒரே குரலில் பேசின. மருத்துவர்கள் நம்பி மாறினார்கள். அந்தப் பாலிமரின் அடிப்படை பாலிகேப்ரோலாக்டோன். அது காரத்திலும் நொதியிலும் சிதையக்கூடியது என்று டே குழு விரைவிலேயே எச்சரித்தது. தொண்ணூறு நாள் குப்பியில் இந்தச் சிதைவு தெரிய வாய்ப்பில்லை. ஆண்டுகள் கழித்து நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, ரெசிலான் வைத்த பற்கள் கட்டா பெர்ச்சா வைத்தவற்றைவிடக் கூடுதலாகத் தோற்றிருந்தன. பொருள் சந்தையிலிருந்து போய்விட்டது. அந்தப் பற்கள் இன்னும் பலருடைய வாயில் இருக்கின்றன.

எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். வேர்நுனியை அறுத்து அங்கே பின்னோக்கி அடைக்கும் அறுவையில் எம்டிஏ என்ற சிமென்ட் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. 1995இல் டோராபினெஜாட் குழு அதைக் குப்பிச் சோதனையில் அமால்கம் முதலிய பழைய பொருட்களோடு ஒப்பிட்டபோது அது தெளிவாக மேலே நின்றது. பிற்கால நோயாளி ஆய்வுகளும் அதைக் கைவிடவில்லை. வேறுபாடு மலையளவு இருந்தால் குழம்பிய கருவியும் அதைக் காட்டிவிடும். இன்றைய சீலர்களுக்கு நடுவே உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதல்ல.

2007 இறுதியில் அமெரிக்காவின் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு, இத்தகைய கசிவு ஒப்பீடுகளின் பயனைக் கேள்விக்குள்ளாக்கி, அவற்றுக்குக் கதவை அடைத்தது. பிரேசிலின் டி-டியூஸ் போன்றவர்கள் பின்னர் அதே குரலில் எழுதினார்கள். நம் கல்லூரிகளில் முதுநிலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு இந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. குப்பி மலிவு, பற்கள் கிடைக்கும், மூன்று மாதத்தில் எண் கிடைத்துவிடும். நோயாளியை ஐந்தாண்டு பின்தொடர எந்த ஆய்வேட்டுக் காலமும் போதாது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கல்லூரியில் இன்று சிகிச்சை பெறும் நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை ஒரே முறையில் சேர்த்துவைத்து, அடுத்தடுத்த ஆண்டு மாணவர்கள் அதே நோயாளிகளைத் தொடரும்படி செய்தால் எந்தக் குப்பியும் தராத விடை கிடைக்கும். ஒரு மாணவரின் மூன்றாண்டில் முடியாதது துறையின் பத்தாண்டில் முடியும்.

குப்பி கேட்காமலே விட்ட கேள்வியும் ஒன்று. சோதனையில் வேர் கிருமி நீக்கப்பட்டது. கிருமி மேலிருந்து மட்டும் வருகிறது. நோயாளியின் பல்லில் கிருமி முன்பே உள்ளே இருக்கிறது. 2005இல் நாயர் குழு, ஒரே அமர்வில் சுத்தம் செய்து அடைத்த பதினாறு கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனியை உடனே எடுத்து ஆராய்ந்தது. பதினான்கில் இன்னும் பாக்டீரியா எஞ்சியிருந்தது, கிளைக்குழாய்களிலும் குறுக்கு இடுக்குகளிலும். அடுத்த ஆண்டு சபேட்டி குழு நாய்ப் பற்களில், குழாயைச் சுத்தம் செய்து மேலே நன்கு மூடிவிட்டால், உள்ளே கட்டா பெர்ச்சா வைத்தாலும் வைக்காவிட்டாலும் வேர்நுனிப் புண் ஒன்றுபோல ஆறுவதைக் கண்டது. அடைப்பே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் எந்தச் சீலர் எத்தனை நாள் தாங்கும் என்ற போட்டியைவிட, அடைக்கும் முன் எவ்வளவு சுத்தம் ஆயிற்று என்பது பெரிய விஷயம் என்று இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளங்கும்.

இனி இரண்டு மாதம் கழித்து வந்த அந்த நோயாளி. பழைய கணக்குப்படி முப்பது நாள் தாண்டிவிட்டது, மறுசிகிச்சை. நான் அப்படி நாள் எண்ணித் தீர்மானிப்பதில்லை. புது எக்ஸ்ரே எடுத்து, சிகிச்சை முடிந்த அன்று எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அடைப்பு நுனிவரை நெருக்கமாக இருக்கிறதா, வேர்நுனியில் கருமை புதிதாக வந்ததா, பல்லைத் தட்டினால் வலிக்கிறதா, ஈறில் சீழ்வாய் இருக்கிறதா. பிறகு ரப்பர் டேம் போட்டு, சொத்தையைச் சுரண்டி, கட்டா பெர்ச்சாவின் மேற்பகுதியை மெல்ல எடுத்துப் பார்ப்பேன். மென்மையாகி, சீலர் கரைந்து, துர்நாற்றம் வந்தால் முழுவதும் எடுத்து மறுபடி செய்வேன். அடியில் கெட்டியாக, உலர்ந்து, சுவரோடு இறுகியிருந்தால் சுத்தம் செய்து அன்றைக்கே நிரந்தர அடைப்பை வைத்துவிட்டு, அடுத்த வாரம் கேப்புக்கு அளவெடுக்கத் தேதி கொடுத்து, ஆறு மாதம், ஓராண்டில் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லி, அந்தத் தேதியையும் அவருடைய ஏட்டிலேயே எழுதிக்கொடுக்கிறேன்.